தடையா, உரிமமா, சந்தையா: செயற்கைக் கருத்தரிப்பை எந்தச் சட்டத்தில் கட்டுவது?

கனடாவில் விந்தணு தானம் செய்பவருக்குக் காசு கொடுத்தால் 10 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் டாலர் வரை அபராதம். 2004-இல் வந்த சட்டம் அப்படித்தான் சொல்கிறது. ஆனால் அந்த நாட்டின் கருத்தரிப்பு மையங்களில் பயன்படும் தான விந்தணுவில் பெரும்பகுதி அமெரிக்காவிலிருந்து வருகிறது. அங்கே விந்து வங்கிகள் கொடையாளருக்குக் காசு கொடுத்துத்தான் வாங்குகின்றன. எல்லைக்கு இந்தப் பக்கம் குற்றம், அந்தப் பக்கம் வியாபாரம். நடுவில் உறைபெட்டியோடு ஒரு கூரியர்.

குழந்தையின்மைக்கான சிகிச்சையை எப்படி ஒழுங்குபடுத்துவது என்று புதிதாகச் சட்டம் எழுத உட்காரும் அரசு எதுவாக இருந்தாலும் இந்தக் கூரியர்காரரை மனத்தில் வைத்துக்கொண்டுதான் எழுத வேண்டும். முன்மாதிரிக்குப் பஞ்சமில்லை. குற்றவியல் தடை, உரிமம் தரும் ஆணையம், மருத்துவர் சங்கங்களின் சுயகட்டுப்பாடு என்று மூன்று பெரிய பாதைகள் இருக்கின்றன. அவற்றைக் கலந்து பார்த்தவர்களும் உண்டு. எதை எடுப்பது என்ற கேள்வியை ஒழுக்க விவாதமாகவே பல நாடுகள் நடத்தியிருக்கின்றன. நான் அதை வேறு கேள்வியாக மாற்றிக்கொள்கிறேன். இந்தச் சிகிச்சையில் கையெழுத்துப் போடுபவர்கள் தம்பதி, மருத்துவர், கொடையாளர். கையெழுத்துப் போடாதது பிறக்கப்போகும் குழந்தை மட்டும்தான். முப்பது வருடம் கழித்து அது வந்து ஒரு கேள்வி கேட்டால், பதில் சொல்ல எந்த ஏற்பாட்டில் ஆள் இருப்பார்?

தடை போட்டவர்கள்

ஜெர்மனியின் கருப் பாதுகாப்புச் சட்டம் 1990-இல் நிறைவேறி, 1991 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. கருமுட்டை தானம் கூடாது, வாடகைத்தாய் முறை கூடாது, ஒரு முறையில் மூன்று கருக்களுக்கு மேல் கருப்பையில் வைக்கக் கூடாது. விந்தணு தானத்துக்குத் தடை இல்லை. ஆண் கொடுக்கலாம், பெண் கொடுக்கக் கூடாது என்ற இந்த வேறுபாட்டுக்கு, ஒரு குழந்தைக்குத் தாய் இரண்டாகப் பிரியக் கூடாது என்பது சொல்லப்பட்ட காரணம். விளைவு என்ன? கருமுட்டை தேவைப்படும் ஜெர்மானியப் பெண்கள் ஸ்பெயினுக்கும் செக் குடியரசுக்கும் போகிறார்கள். சிகிச்சை பெறும் பெண்ணுக்குத் தண்டனை இல்லை, மருத்துவருக்குத்தான். அதனால் திரும்பி வந்து ஜெர்மனியிலேயே பிரசவம் பார்த்துக்கொள்ளலாம். ஸ்பெயினில் கொடையாளர் பெயர் வெளியே வராது. ஆகவே, ஜெர்மனி தன் குழந்தைகளைக் காக்கப் போட்ட தடை, அவர்களில் ஒரு பகுதியினரை மரபுவழித் தாய் யார் என்று ஒருபோதும் கேட்க முடியாத இடத்தில் கொண்டுபோய் விட்டிருக்கிறது.

இத்தாலி இன்னும் கடுமையாகப் போனது. 2004-இன் 40-ஆம் எண் சட்டம் தான அணுக்களை, அதாவது தானமாக வரும் விந்தணு, கருமுட்டை இரண்டையும், முழுக்கத் தடுத்தது. மூன்று கருக்களுக்கு மேல் உருவாக்கக் கூடாது, உருவான அத்தனையையும் ஒரே நேரத்தில் கருப்பையில் வைத்தாக வேண்டும் என்றது. 28 வயதுப் பெண்ணுக்கும் 41 வயதுப் பெண்ணுக்கும் ஒரே கணக்கு. மருத்துவம் தெரிந்த எவரும் எழுதக் கூசும் விதி. 2005-இல் நடந்த பொதுவாக்கெடுப்பில் கால்வாசிப் பேர்தான் வாக்களித்ததால் அது செல்லாமல் போனது. அப்புறம் அந்தச் சட்டத்தைக் கழற்றும் வேலையை அரசியலமைப்பு நீதிமன்றம் எடுத்துக்கொண்டது: 2009-இல் மூன்று கரு விதி விழுந்தது, 2014-இல் தான அணுத் தடை விழுந்தது. நாடாளுமன்றம் செய்ய வேண்டிய திருத்தத்தைத் தம்பதிகள் ஒவ்வொருவராக வழக்குப் போட்டுச் செய்ய வேண்டியிருந்தது.

கனடாவின் கதைதான் எனக்கு இவற்றில் பெரிய பாடம். 1989-இல் அரச ஆணையம் அமைத்து, 1993-இல் அறிக்கை வாங்கி, 2004 வரை இழுத்து ஒரு சட்டம் செய்தார்கள். அதில் இரண்டு பாதிகள் இருந்தன. ஒன்று, தடைகள்: அணுக்களை விலைக்கு வாங்குவது, வாடகைத்தாய்க்குப் பணம் தருவது, குளோனிங். மற்றொன்று, கட்டுப்பாட்டு அமைப்பு: உரிமம், ஆய்வு, கொடையாளர் தகவல்களைச் சேர்த்து வைக்கும் பதிவேடு. சுகாதாரம் மாகாணங்களின் அதிகாரம் என்று கியூபெக் மாகாணம் வழக்குத் தொடுத்தது. 2010 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இரண்டாம் பாதியின் பெரும்பகுதியை மத்திய அரசின் அதிகாரத்துக்கு அப்பாற்பட்டது என்று அடித்துவிட்டது. 2012-இல் அதற்கான முகமையும் மூடப்பட்டது. தடைகள் அப்படியே நின்றன. காவலாளியை அனுப்பிவிட்டு ‘உள்ளே வராதே’ பலகையை மட்டும் மாட்டி வைத்தது போல. கொடையாளருக்கும் வாடகைத்தாய்க்கும் என்னென்ன செலவைத் திருப்பித் தரலாம் என்பதற்கான விதிகள் 2020-இல்தான் நடைமுறைக்கு வந்தன. அதுவரை 16 ஆண்டுகள், ஒரு டாக்ஸி ரசீது குற்றமா இல்லையா என்று வழக்கறிஞரைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலை.

உரிமம் தந்தவர்கள்

பிரிட்டனில் உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை 1978 ஜூலையில் பிறந்தது. இதை எப்படி ஒழுங்குபடுத்துவது என்று ஆராய 1982-இல் அரசு அமைத்த வார்னாக் குழு 1984-இல் அறிக்கை தந்தது. 1990-இல் சட்டம் வந்து, 1991 ஆகஸ்டில் ஆணையம் வேலையைத் தொடங்கியது. ஆய்வகத்தில் கருவை 14 நாளுக்கு மேல் வளர்க்கக் கூடாது என்ற, பின்னர் பல நாடுகள் எடுத்துக்கொண்ட எல்லையும் அந்தக் குழுவின் பரிந்துரைதான்.

இந்த மாதிரியின் பலம் அதன் சலிப்பூட்டும் பகுதியில் இருக்கிறது. ஒவ்வொரு மையமும் உரிமம் வாங்க வேண்டும். ஆய்வாளர் வருவார், அறிக்கை பொதுவில் வெளியாகும். ஒவ்வொரு சிகிச்சைச் சுற்றும், அதாவது ஒவ்வொரு முயற்சியும், ஆணையத்தின் பதிவேட்டில் ஏறும். அந்தச் சுற்றுக்கான கட்டணத்தை மையமே ஆணையத்துக்குக் கட்டும், ஆகவே அரசு கஜானா வற்றினாலும் பதிவேடு நிற்காது. சட்டப் புத்தகத்தில் ஒரு வரியைத் தொடாமலே பல விஷயங்களை மாற்ற முடிந்தது இந்த அமைப்பால்தான். இரட்டைக் குழந்தைகள் விஷயத்தைப் பாருங்கள். 1990-களில் பிரிட்டனில் ஐ.வி.எஃப்., அதாவது சோதனைக்குழாய் முறைப் பிரசவங்களில் நான்கில் ஒன்றுக்கு மேல் இரட்டையோ மூன்றோதான். குறைப்பிரசவம், எடை குறைந்த சிசு, தாய்க்கு ரத்த அழுத்தம் என்று எல்லாம் அதோடு வரும். ஆணையம் 10 சதவீத இலக்கு வைத்து, மையம் மையமாக எண்ணிக்கையைக் கேட்டது. 2019-இல் விகிதம் சுமார் 6 சதவீதம். சிறைத் தண்டனை எதுவும் தேவைப்படவில்லை.

குறையே இல்லையா என்றால், இருக்கிறது. விலையைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் ஆணையத்துக்குக் கிடையாது. பலன் நிரூபிக்கப்படாத கூடுதல் சிகிச்சைகளை, அதாவது ‘இதையும் சேர்த்துச் செய்தால் நல்லது’ என்று பில்லில் ஏறும் சமாச்சாரங்களை, அதனால் நிறுத்த முடியவில்லை. எதற்கு எவ்வளவு ஆதாரம் என்று நிறம் போட்டுத் தரம் பிரித்து இணையத்தில் வைக்கிறது, அவ்வளவுதான். ஏற்கெனவே மூன்று முறை தோற்ற ஒரு பெண் அந்த நிறத்தைப் பார்த்து வேண்டாம் என்பாரா? எனக்கு நம்பிக்கை இல்லை.

இந்தியாவின் இரட்டைச் சட்டங்கள், கருத்தரிப்புத் தொழில்நுட்பத்துக்கு ஒன்றும் வாடகைத்தாய் முறைக்கு ஒன்றுமாக, 2021-இல் நிறைவேறி 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தன. பதிவு, தேசியப் பதிவேடு, மாநில வாரியங்கள் என்று உரிம மாதிரியின் எலும்புக்கூடு. மேலே தடை மாதிரியின் தோல். கருத்தரிப்புத் தொழில்நுட்பச் சட்டத்தில் முதல் மீறலுக்கு 5 முதல் 10 லட்சம் ரூபாய் அபராதம், மறுபடி செய்தால் 3 முதல் 8 ஆண்டு சிறை. நல்ல அம்சம் ஒன்று உண்டு. மையம் ஆவணங்களை 10 ஆண்டு வைத்திருந்து, பிறகு தேசியப் பதிவேட்டின் மையத் தரவுத்தளத்துக்கு மாற்ற வேண்டும். மையம் மூடினாலும் காகிதம் பிழைக்கும். ஆனால் கொடையாளர் யார் என்று குழந்தை அறியும் உரிமை அதில் இல்லை. பெட்டி செய்து, பூட்டி, சாவியை யாருக்கும் தராத சட்டம் அது.

சந்தையிடம் விட்டவர்கள்

அமெரிக்காவில் சட்டமே இல்லை என்று பலர் எழுதுகிறார்கள். அது தவறு. தான அணுக்களுக்குத் தொற்றுநோய்ப் பரிசோதனை மத்திய அரசின் கட்டாயம். வெற்றி விகிதத்தை அரசுக்குத் தெரிவிக்க 1992-இன் சட்டம் ஒன்று இருக்கிறது. தெரிவிக்காத மையத்துக்கு என்ன தண்டனை? தெரிவிக்காதவர்கள் பட்டியலில் பெயர் வரும். மற்றதில் பெரும்பகுதி மருத்துவர் சங்கங்களின் வழிகாட்டுதல்.

2009-இல் கலிஃபோர்னியாவில் ஒரு பெண்ணுக்கு ஒரே பிரசவத்தில் எட்டுக் குழந்தைகள் பிறந்தன. மருத்துவர் வைத்தது 12 கருக்கள். வழிகாட்டுதலை அது எங்கோ தாண்டியது, சட்டத்தை அல்ல. 2011-இல் மாநில மருத்துவ வாரியம் அவருடைய உரிமத்தைப் பறித்தது. எட்டுக் குழந்தைகள் நடக்கத் தொடங்கிய பிறகு. நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அதன் பிறகு, கருவை உறைய வைக்கும் நுட்பம் தேறியதும் சங்கங்கள் விதிகளை இறுக்கியதும் சேர்ந்து, சட்டம் இல்லாமலே அங்கும் பல கரு வைக்கும் பழக்கம் வெகுவாகக் குறைந்திருக்கிறது. சுயகட்டுப்பாடு முற்றிலும் பொய் என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் சட்டமன்றம் வாய் திறக்காத இடத்தில் நீதிமன்றம் பழைய சட்டத்தை எடுத்து நிரப்பும். 2024 பிப்ரவரியில் அலபாமா உச்ச நீதிமன்றம், உறைநிலையில் இருக்கும் கருவும் குழந்தைதான் என்று தீர்ப்பளித்தது. அடிப்படையாக இருந்தது 1872-இல் எழுதப்பட்ட, மைனர் மரணத்துக்கு இழப்பீடு கோரும் சட்டம். ஐ.வி.எஃப். வருவதற்கு நூறு ஆண்டுக்கு முந்தையது! மையங்கள் சில நாட்களிலேயே சிகிச்சையை நிறுத்தின. ஊசி போட்டுக்கொண்டிருந்த பெண்கள் பாதியில் நின்றார்கள். மார்ச் முதல் வாரத்தில் மாநில அரசு அவசரமாக மையங்களுக்குச் சட்டப் பாதுகாப்புத் தந்து கதவைத் திறந்தது.

கொடையாளருக்குக் காசு தரலாமா?

இங்கே விந்தணுவையும் கருமுட்டையையும் ஒரே தராசில் வைப்பது அநியாயம். கருமுட்டை தருபவர் ஏறக்குறைய பத்துப் பன்னிரண்டு நாள் ஹார்மோன் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். இடையிடையே ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, கடைசியில் மயக்கம் கொடுத்து ஊசி வழியாக முட்டையை உறிஞ்சி எடுப்பார்கள். சினைப்பை அளவுக்கு மீறித் தூண்டப்பட்டு ஆஸ்பத்திரியில் சேர வேண்டிவரும் ஆபத்தும் உண்டு, அரிதாக உயிருக்கே.

காசே கூடாது என்ற விதி கேட்க உயர்வாகத்தான் இருக்கிறது. ஆனால் மருத்துவர், மயக்க மருந்து நிபுணர், ஆய்வகம், மருந்து நிறுவனம் என எல்லோரும் சம்பாதிக்கும் ஒரு சங்கிலியில், ஊசி குத்திக்கொள்ளும் பெண்ணை மட்டும் தியாகியாக இருக்கச் சொல்வது என்ன நீதி? இந்தியச் சட்டம் கருமுட்டை தானத்தை வாழ்நாளில் ஒரே முறை, அதிகபட்சம் ஏழு முட்டை என்று சுருக்கி, 12 மாதக் காப்பீடும் கேட்கிறது. உடலைக் காக்கும் வகையில் அது சரியான அக்கறை. கூலி விஷயத்தில் கண்ணை மூடிக்கொள்கிறது. முழுச் சந்தைக்கும் நான் ஆள் இல்லை. அங்கே படித்த, உயரமான, அழகான பெண்ணின் முட்டைக்குத் தனி விலை. பிரிட்டனைப் போல எல்லோருக்கும் ஒரே நிலையான ஈட்டுத்தொகையை ஆணையம் நிர்ணயிப்பதே இருப்பதில் கண்ணியமானது என்று படுகிறது. 2012-இல் கருமுட்டைக்கு 750 பவுண்டு, விந்தணுவுக்கு வருகை ஒன்றுக்கு 35 பவுண்டு என்று வைத்தார்கள், 2024-இல் உயர்த்தினார்கள். ஏலம் இல்லை, ஏமாற்றும் இல்லை.

பெயர் மறைப்பதா, திறப்பதா?

இந்த ஒன்றில் எனக்குத் தயக்கமே கிடையாது. 1985-இல் ஸ்வீடன் முதலில் கொடையாளர் பெயரைத் திறந்தது. 2004-இல் நெதர்லாந்து, 2005 ஏப்ரலில் பிரிட்டன், 2022-இல் பிரான்ஸ். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 2017-இல் இன்னும் ஒரு படி மேலே போய், பெயர் வெளிவராது என்ற உறுதிமொழியில் முன்பு தானம் செய்தவர்களின் தகவலையும் திறந்துவிட்டது. கொடுத்த வாக்கை அரசே மீறலாமா என்று அங்கே பெரிய சண்டை. அந்தச் சண்டையில் கொடையாளர் பக்கமும் நியாயம் உண்டு.

ஆனால் வாதமே பழசாகிவிட்டது. எச்சிலைத் துப்பி அனுப்பினால் சித்தப்பா மகனைக் கண்டுபிடித்துத் தரும் டி.என்.ஏ. சோதனை வந்த பிறகு, பெயர் தெரியாது என்று எந்த அரசும் எந்தக் கொடையாளருக்கும் நேர்மையாக வாக்குத் தர முடியாது. திறந்தால் கொடையாளர் வரமாட்டார் என்ற பயமும் பிரிட்டனில் பலிக்கவில்லை. பின்வந்த ஆண்டுகளில் புதிய விந்தணுக் கொடையாளர் எண்ணிக்கை கூடவே செய்தது, அதில் கணிசமான பங்கு டென்மார்க், அமெரிக்க வங்கிகளிலிருந்து வந்தது என்றாலும்.

அந்த இறக்குமதி வேறொரு ஓட்டையைக் காட்டுகிறது. பிரிட்டனில் ஒரு கொடையாளருக்குப் பத்துக் குடும்பம் என்பது எல்லை. ஆனால் அது பிரிட்டனுக்குள் மட்டும். 2023-இல் நெதர்லாந்தில் ஒரு நீதிமன்றம், 500-க்கு மேற்பட்ட குழந்தைகளுக்குக் காரணமான ஒருவரை இனி தானம் செய்யக் கூடாது என்று தடுத்தது. 2025-இல் வெளிவந்த செய்தி அதைவிடக் கொடியது: புற்றுநோய் அபாயத்தைக் கூட்டும் மரபணு மாற்றம் கொண்ட ஒரு கொடையாளரின் விந்தணுவில் ஐரோப்பாவின் 14 நாடுகளில் குறைந்தது 197 குழந்தைகள். ஒவ்வொரு நாடும் தன் கணக்கை மட்டும் பார்த்தது. கூட்டிப் பார்க்க ஆள் இல்லை.

காசு யார் கொடுப்பது என்பதும் சட்டம்தான்

விதியைவிடப் பணம் சீக்கிரம் பேசும். பெல்ஜியம் 2003-இல் ஒரு பேரம் வைத்தது: ஆறு சுற்று வரை ஆய்வகச் செலவை அரசு தரும், பதிலுக்கு 36 வயதுக்குக் குறைந்த பெண்ணுக்கு முதல் சுற்றில் ஒரே ஒரு கருதான் வைக்க வேண்டும். தன் சேமிப்பை எல்லாம் கொட்டி ஒரே ஒரு முறை முயலும் தம்பதி ‘இரண்டு வையுங்கள் டாக்டர்’ என்றுதான் கேட்பார்கள். அடுத்த முறையும் இருக்கிறது என்று தெரிந்தால் கேட்க மாட்டார்கள். இரட்டைப் பிரசவ விகிதம் பாதிக்கும் கீழே இறங்கியது. சிசு தீவிர சிகிச்சையில் மிஞ்சிய பணம் ஐ.வி.எஃப். செலவை ஈடுகட்ட உதவும் என்பதுதான் அந்தக் கணக்கு. கியூபெக்கும் 2010-இல் இதையே செய்து அதே பலனைக் கண்டது. ஆனால் யாருக்கு, எத்தனை சுற்று என்று இறுக்காததால் செலவு எகிறி 2015-இல் நிறுத்தினார்கள். 2021-இல் ஒரு சுற்று என்று சுருக்கித் திரும்பக் கொண்டுவந்தார்கள். ஜப்பான் 2022 ஏப்ரலில் தேசியக் காப்பீட்டில் சேர்த்தபோது வரம்பை முதலிலேயே வைத்தது: 40 வயதுக்குள் தொடங்கினால் ஆறு முறை, 40 முதல் 42 வரை மூன்று முறை, 43 ஆனால் இல்லை.

இனப்பெருக்க நலக் கொள்கை என்று பெயர் வைத்துவிட்டு ஐ.வி.எஃப். மட்டும் பேசுவது இன்னொரு குறை. உலக சுகாதார நிறுவனத்தின் 2023 கணக்குப்படி, வாழ்நாளில் ஆறில் ஒருவர் குழந்தையின்மையைச் சந்திக்கிறார். அவர்களில் பலருக்கு அடைபட்டிருக்கும் கருக்குழாய், வருடங்களுக்கு முன்பு சில நூறு ரூபாய் ஆன்டிபயாட்டிக்கில் தீர்ந்திருக்கக்கூடிய கிளமிடியா என்ற பால்வினைத் தொற்றின் மிச்சம். ஆணைப் பரிசோதிக்காமலே பெண்ணை வருடக்கணக்கில் அலைக்கழிப்பதும் உண்டு. ஒரு விந்துப் பரிசோதனை எவ்வளவு மலிவு என்பதை நினைத்தால் எரிச்சல்தான் வருகிறது.

வாடகைத்தாய்

இங்கேதான் என் உறுதி குறைகிறது. பணமில்லாமல் மட்டும் என்கின்றன பிரிட்டன், கனடா, இந்தியா. ஒப்பந்தமும் முன்கூட்டிய நீதிமன்ற ஆணையும் போதும் என்கிறது கலிஃபோர்னியா. தன் குடிமக்கள் வெளிநாட்டில் செய்தாலும் குற்றம் என்று 2024-இல் சொன்னது இத்தாலி. எது சரி என்று அடித்துச் சொல்ல என்னால் முடியவில்லை. ஆனால் எப்போது கேள்வி கேட்க வேண்டும் என்று சொல்ல முடியும். பிரிட்டனில் குழந்தை பிறக்கும்போது சட்டப்படி தாய், பெற்றவர்தான்; வளர்க்கப்போகிறவர்கள் அப்புறம் நீதிமன்றம் போய்ப் பெற்றோர் ஆணை வாங்க வேண்டும். கிரீஸில் 2002 சட்டப்படி கரு வைப்பதற்கு முன்பே நீதிமன்ற அனுமதி வேண்டும். இஸ்ரேலில் 1996 முதல் ஒரு குழு ஒப்பந்தத்தைப் பார்த்து அனுமதிக்கிறது. முன்னால் விசாரிப்பது பின்னால் விசாரிப்பதைவிட எத்தனையோ மேல். 2008-இல் ஒரு ஜப்பானியத் தம்பதிக்காக இந்தியாவில் வாடகைத்தாய் சுமந்த குழந்தை, பிரசவத்துக்குள் தம்பதி விவாகரத்து ஆகிவிட்டதால், எந்த நாட்டுப் பாஸ்போர்ட் என்று தெரியாமல் மாதக்கணக்கில் நின்றது. பிறந்த குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு எந்த நீதிபதியும் ‘அனுமதி இல்லை’ என்று சொல்ல முடியாது.

ஆக, ஒரு நாடு என்னிடம் கேட்டால் உரிமம் தரும் ஆணையம், சுற்றுக்கு இவ்வளவு என்று மையங்கள் கட்டும் கட்டணத்தில் ஓடும் பதிவேடு, ஒரு கருவோடு கட்டிய காப்பீடு, நிலையான ஈட்டுத்தொகை, 18 வயதில் திறக்கும் கொடையாளர் பெயர் என்று எழுதுவேன். தடைகள் சிலவும் வேண்டும், குறைவாக. ஆனால் சட்டம் வர நேரமாகும். அயர்லாந்து 2000-இல் ஆணையம் அமைத்தது, 2005-இல் அறிக்கை வந்தது, சட்டம் நிறைவேறியது 2024-இல். இடையில் பிறந்தவர்களில் பெரும்பாலோரின் காகிதங்கள் அந்தந்த மையத்தின் அலமாரியில். பிரிட்டனில்கூட 1991 ஆகஸ்டுக்கு முன் கருவானவர்களுக்கு ஆணையத்தின் பதிவேட்டில் ஒரு வரி கிடையாது. முப்பதைத் தாண்டிய அவர்கள் இன்றும் தங்கள் டி.என்.ஏ.வைக் கொடுத்துவிட்டு, பொருந்தும் ஒருவர் தானாக வந்து சேரமாட்டாரா என்று தன்னார்வப் பதிவேட்டில் காத்திருக்கிறார்கள். அதனால் மசோதா தாக்கலாகும் நாளிலேயே, முழுச் சட்டத்துக்குக் காத்திராமல், ஒரே ஒரு உத்தரவு போடச் சொல்வேன்: எந்தக் கருத்தரிப்பு மையமும் இன்று முதல் ஒரு பழைய கோப்பைக்கூட அழிக்கக் கூடாது.